கோலிக்குக் கொடுத்த பூட்டு

இந்த முதியோர் இல்லத்துக்கு நான் வந்த நாளில் என் திறப்பு வளையத்தில் ஒரேயொரு திறப்புத்தான் மிஞ்சியிருந்தது. வீட்டுத் திறப்பு, நிலவறைத் திறப்பு, கடிதப் பெட்டித் திறப்பு, உடுப்புத் தோய்க்கிற அறையின் திறப்பு எல்லாவற்றையும் மகள் ஒவ்வொன்றாகக் கழற்றி வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டாள். முப்பது வருஷம் என் கைப்பையில் கனத்துக் கிடந்த கொத்து. ஒரு மத்தியானத்துக்குள் அது வெறும் வளையமாகப் போய்விட்டது. கடைசியில் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதான ஒரு பித்தளைத் திறப்பு மட்டும் கிடந்தது. "இது எதின்ரை திறப்பம்மா?" என்று மகள் கேட்டாள். ஒன்றினதும் இல்லை என்றேன். "அப்ப எறிஞ்சுவிடுங்கோவன்" என்றாள். நான் வளையத்தைக் கைக்குள் பொத்திக்கொண்டேன். அது எந்தப் பூட்டின் திறப்பு என்று எனக்குத் தெரியும். அந்தப் பூட்டை யார் கையில் வைத்தேன் என்றும் தெரியும். அந்த ஆள் அன்றைக்குப் பின்னேரமே என் அறைக் கதவைத் தட்டிக்கொண்டு வந்து நிற்பான் என்பது மட்டும் தெரியாது.

இல்லம் சுவிஸில், ஓல்டனில் இருக்கிறது. என் யன்னலுக்குக் கீழே நாலு திசைக்கும் ரயில் போகும். யன்னல் மேற்பக்கமாக ஒரு சாண்தான் சரியும், அதற்குமேல் திறக்க விடாது. இடுப்பெலும்பு உடைந்து தைத்த பிறகு வலது கால் என் சொல் கேட்பதில்லை. கட்டிலுக்கு இரண்டு பக்கமும் கம்பி. கட்டிலடியில் ஒரு பாய் போட்டிருக்கிறார்கள், கால் பட்டால் அது தாதிமாரின் அறையில் சத்தம் போடும். லிஃப்டுக்கு நாலு இலக்கம் அமத்த வேண்டும், அந்த இலக்கத்தை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொன்னாலும் என்ன, கேட்டு விளங்க எனக்கு இவர்களுடைய டொச் பாஷை வேண்டுமே. சூக் பட்டினத்தில் முப்பது வருஷம் பெரிய பெரிய அலுவலகங்கள் துடைத்தவள் நான். அந்த நிலத்தில் முகம் பார்த்து மீசை வெட்டலாம், அப்படித் துடைத்தேன். ஆனால் வாளி, நிலம், முடிந்தது, நாளைக்கு என்ற நாலு சொல்லுக்குமேல் அந்தப் பாஷை எனக்கு வரவில்லை. தேவையும் படவில்லை. கதைக்கிறதற்கு எங்கள் ஆட்கள் இருந்தார்கள், என் குரலும் இருந்தது.

முதல் நாள் கதவைத் தட்டி வந்தவனுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். தலை முன்பக்கம் வழுக்கை, சட்டைக்குள் கொஞ்சம் வயிறு. "வணக்கம் அம்மா. தமிழ் ஆள் ஒருத்தர் வாறா எண்டு சொன்னவை. இனி ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ, என்ன வேணுமெண்டாலும் எனக்குச் சொல்லுங்கோ, நான் அவைக்குச் சொல்லுறன்" என்றான். முகத்தைக் கொண்டு எனக்கு ஆள் பிடிபடவில்லை. கைகளைக் கொண்டுதான் பிடிபட்டது. கட்டிலின் கால்மாட்டில் நிற்கும்போது இரண்டு கையையும் உடம்பில் ஒட்டாமல் கொஞ்சம் விரித்து, உள்ளங்கை முன்னுக்குத் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு நின்றான். அப்படி நிற்கிற ஒருவனைத்தான் எனக்குத் தெரியும். அவனுடைய பெயர் இல்லத்து வேலைச் சட்டையில் குத்தியிருக்கிறது. ஆனால் என் மனதில் அவன் கோலிதான். பந்தாட்டத்தில் வலைக்கு முன்னால் நின்று பந்து காக்கிறவனை எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

அந்தக் காலத்தில் கோடை வந்தால் எங்களுக்குப் பந்தாட்டம் வந்துவிடும். விட்டுவந்த ஊர்ப் பெயரில் ஒவ்வொரு கழகம். சூக், பாடன், ஓல்டன் என்று எங்கெங்கோ சிதறி வேலை செய்கிறவர்கள் எல்லாரும் அந்தச் சனி ஞாயிறு மட்டும் தங்கள் தங்கள் ஊர்க்காரர்கள் ஆகிவிடுவார்கள். என்னுடைய மனுஷன் எங்கள் கழகத்தின் தலைவர். கூடாரம் போடுகிறது, றோல்ஸ் பொரிக்கிறது, பெரிய கிடாரத்தில் தேத்தண்ணி வைக்கிறது, தோடம்பழம் வெட்டுகிறது எல்லாம் மற்றப் பெண்கள் பார்த்துக்கொள்வார்கள். என்னுடைய வேலை வேறு. வேலையிடத்து வாளி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அகப்பைக் காம்பால் தட்டிக்கொண்டு, கயிற்றோரத்தில் நின்று எதிர்ப்பக்கத்தைக் கூக்காட்டுகிறதுதான் என் வேலை. நான் வராவிட்டால் ஆட்டம் சப்பென்று போகும் என்று எதிர்க் கழகத்து ஆம்பிளைகளே சொல்வார்கள். அதில் எனக்குப் பெருமை. நாலாம் வகுப்போடு நிறுத்தியவள், வேலையிடத்தில் தலை நிமிர்த்தி ஒரு வசனம் சொல்ல வழியில்லாதவள், இங்கே வாயைத் திறந்தால் முந்நூறு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். "உங்கடை ஆக்கள் ஓடீனமோ, கோயில் சுத்தீனமோ?" என்று நான் கேட்டால் அந்தப் பக்கத்துப் பெண்களுக்கும் சிரிப்பு வரும். அவர்களும் விட மாட்டார்கள். "அங்கை பாருங்கோ, வாளியைத் தூக்கிக்கொண்டு வந்திட்டா, உங்கடை கோலிட்டைக் குடுங்கோ, அதாலையாவது பந்தைப் பிடிக்கட்டும்" என்பார்கள். அதெல்லாம் அந்த நேரத்துப் பகிடி. ஆட்டம் முடிந்தால் அவர்களுடைய கிடாரத்தில் நான் தேத்தண்ணி குடிப்பேன்.

ஒரு வருஷம் பகிடி முற்றி அடிதடியாகி, நகரசபைக்காரர் இனி மைதானம் தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த திடலில் சில ஞாயிறுகளில் அயர்லாந்துக்காரர்கள் வந்து கையாலும் காலாலும் பந்தை அடித்து ஒரு விளையாட்டு விளையாடுவார்கள். அவர்களுடைய சனம் எங்களைவிட மோசமாகக் கத்தும். பாஷை விளங்காவிட்டாலும் அது நல்ல வார்த்தை இல்லையென்று எனக்கு விளங்கும், அந்தத் தொழில் தெரிந்தவள் அல்லவா. ஆனால் ஊதல் ஊதியதும் கத்தின ஆட்களே கயிற்றைத் தாண்டிப் போய் எதிர்ப்பக்கத்து ஆட்களுக்குக் கை கொடுப்பார்கள். கிழவர் ஒருவர் ஆட்டம் முழுக்கக் குரல் கிழிய ஏசிவிட்டு, கடைசியில் தான் ஏசிய பொடியனையே கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்துத்தான் என் மனுஷன் எங்கள் கழகங்களுக்குள்ளும் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். ஆட்டம் முடிந்ததும் தோற்ற பக்கத்து விளையாட்டுக்காரர் வரிசையாக, வென்ற பக்கத்துச் சனம் நிற்கிற கயிற்றோரமாக வருவார்கள். தோற்றவர்தான் முதலில் கை நீட்ட வேண்டும். வென்றவர் அந்தக் கையைப் பிடித்து, "நல்லா விளையாடினியள்" என்று சொல்ல வேண்டும். தோற்றவர் பதில் சொல்லத் தேவையில்லை. என்னதான் கூக்காட்டியிருந்தாலும் அந்த ஒரு கை கொடுப்போடு எல்லாம் அழிந்துவிடும். அந்த வழக்கம் வந்த பிறகு சண்டை வரவில்லை. மைதானமும் எங்களுக்குத் திரும்பக் கிடைத்தது.

அதற்குப் பிறகு ஒரு வருஷம், இறுதி ஆட்டம். காலையில் மழை பெய்து புல் நனைந்திருந்தது. நான் சூக்கில் சனிக்கிழமை வேலை முடித்துவிட்டு நேரே மைதானத்துக்கு வந்திருந்தேன். வேலையிடத்தில் எங்கள் உடுப்புப் பெட்டிகளை மாற்றுகிறார்கள் என்று பூட்டைக் கழற்றிக் கைப்பையில் போட்டு வந்தேன். சின்னப் பித்தளைப் பூட்டு. இரண்டு திறப்பில் ஒன்றை எப்போதோ தொலைத்துவிட்டேன், மற்றது என் கொத்தில் இருந்தது. எதிர்ப்பக்கத்துக் கோலிக்கு அப்போது இருபத்தொரு வயது இருக்கும். மெலிந்த, நெட்டைப் பொடியன், அந்த வருஷம் முழுக்க ஒருவராலும் அவனுக்குள்ளால் பந்து போட முடியவில்லை. நான் வாளியைத் தட்டி எல்லா வித்தையும் காட்டினேன். அவன் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அது எனக்குச் சுள்ளென்றது. கூக்காட்டுகிறவளுக்கு எதிராளி சிரிக்க வேண்டும், அல்லது கோபிக்க வேண்டும். ஒன்றும் செய்யாமல் நின்றால் அவமானம்.

முடிய மூன்று நான்கு நிமிஷம் இருக்கையில், எங்கள் பொடியன் ஒருவன் தூரத்திலிருந்து அடித்த பந்து, வேகமே இல்லாமல் உருண்டு உருண்டு வந்து கோலியின் இரண்டு காலுக்குள்ளாலும் போய் வலைக்குள் நின்றது. ஒரு கணம் மைதானத்தில் சத்தமே இல்லை. அந்த அமைதிக்குள் என் குரல் போனது. "படலையைச் சாத்தடா தம்பி, மாடு போகுது." முந்நூறு பேரும் சிரித்தார்கள். எனக்குப் பின்னால் நின்றவர்கள் "படலை, படலை" என்று பிடித்துக்கொண்டார்கள். நான் வாளியில் தாளம் போட்டேன். "உன்ரை காலுக்குள்ளாலை தேரே போகும் தம்பி, வடம் கொண்டுவரட்டோ?" என்றேன். அதற்கும் சிரிப்பு. மைக்கைப் பிடித்துக்கொண்டு ஆட்டத்தைச் சொல்கிறவரும் ஒலிபெருக்கியில் "படலை திறந்தது" என்றார். ஊதல் ஊதினார்கள். நாங்கள் வென்றோம்.

வரிசை வந்தது. கோலிதான் கடைசி. ஒவ்வொருவருக்கும் கை கொடுத்துக்கொண்டு வந்தான். முழங்கால் முழுக்கச் சேறு, கண் சிவந்திருந்தது, ஆனால் அழவில்லை. எனக்கு முன்னால் வந்ததும் நின்று, வலது கைக் கிளவுஸைக் கழற்றிக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு, வெறுங்கையை நீட்டினான். மற்றவர்களுக்கு அவன் கிளவுஸோடுதான் கை கொடுத்தான். எனக்கு மட்டும் கழற்றினான். நான் வயதுக்கு மூத்தவள் என்று கழற்றினானோ, தலைவரின் மனைவி என்று கழற்றினானோ, இன்றுவரை கேட்கவில்லை. எல்லாரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இன்னும் ஒன்று வரும் என்று அவர்கள் காத்திருப்பது எனக்குத் தெரிந்தது. என் கை கைப்பைக்குள் போனது. பூட்டை எடுத்து, திறந்தபடியே, அவனுடைய உள்ளங்கையில் வைத்தேன். "இந்தா தம்பி, படலைக்குப் பூட்டு" என்றேன்.

அன்றைக்குச் சனம் சிரித்த சிரிப்பை நான் வாழ்நாளில் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அவன் பூட்டைப் பார்த்தான். விரல்களை மடக்கினான். "தாங்க்ஸ் அன்ரி" என்றான். அதே கையை, பூட்டோடு, எனக்குப் பக்கத்தில் நின்ற மனிசிக்கு நீட்டினான். சிரிப்பை அடக்க முடியாமல் அவளும் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. அவன் கொஞ்ச நேரம் நீட்டிக்கொண்டு நின்றுவிட்டுப் போனான். திரும்பி வரும்போது காரில் பாதி வழியில் என் மனுஷன், "நீட்டின கையைப் பிடிச்சிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் கதைக்கவே இல்லை. ஏசியிருந்தால் நான் திருப்பி ஏசி முடித்திருப்பேன்.

அடுத்த வருஷம் கோலி காவலுக்கு வந்து நின்றதும் எங்கள் சனம் மட்டுமில்லை, எல்லா ஊர்ச் சனமும் கார்த் திறப்புகளை எடுத்துக் கிலுக்கத் தொடங்கிவிட்டது. நூறு நூற்றைம்பது திறப்புக் கொத்து ஒன்றாகக் கிலுங்குகிற சத்தம். சின்னப் பிள்ளைகள்கூட "படலை அண்ணா" என்றுதான் அவனைக் கூப்பிட்டார்கள். நான் வாளியைத் தட்டவில்லை. ஒருமுறை எழும்பி, "காணும், விடுங்கோ" என்று சொன்னேன். நான் புதுப் பகிடி விடுகிறேன் என்று நினைத்து இன்னும் கிலுக்கினார்கள். கத்தத் தொடங்குகிறது என் கையில் இருந்தது, நிறுத்துகிறது என் கையில் இல்லை. அதுதான் அவன் விளையாடிய கடைசி ஆட்டம். நானும் அதோடு வாளியை எடுத்துக்கொண்டு போகிறதை விட்டேன். முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டேன். திறப்பை மட்டும் கொத்திலிருந்து கழற்றவில்லை. ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

இப்போது பாருங்கள் என் நிலைமையை. இந்த இல்லத்தில் எனக்கு வாய் என்று இருப்பது அவன் ஒருவன்தான். வலிக்கிறது என்றால் அவன் சொன்னால்தான் வைத்தியருக்கு விளங்கும். பின்னேரம் ஐந்தரைக்குத் தருகிற பாணும் சீஸும் எனக்கு இறங்காது என்பதை அவன் சொல்லித்தான் சமையலறைக்குத் தெரிந்தது. சொன்னதோடு நிற்காமல் வீட்டிலிருந்து சின்னப் போத்தலில் சம்பல் கொண்டுவந்து என் மேசை லாச்சிக்குள் வைத்தான். வைத்தியர் வரும்போது நான் பத்து வசனம் சொல்வேன், அவன் பத்தையும் கொண்டுபோய்ச் சேர்ப்பான். நான் எரிந்து விழுந்ததைக்கூட மெதுவாக்கித்தான் சொல்கிறான் என்று அவர்களுடைய முகத்தில் தெரியும். அவன் முரடனாக நடந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவனோ கம்பியை ஏற்றிவிட்டு, போர்வையைக் காலடியில் சொருகிவிட்டு, "வேறை ஏதும் வேணுமோ அம்மா?" என்று கேட்டுவிட்டு நிற்பான். இவனுக்கு என்னை நினைவிருக்கிறதா, இல்லையா? அந்தக் கேள்வியோடு நான் அந்தக் கம்பிகளுக்குள் கிடந்தேன். இருக்கிறது என்றால் ஏன் கேட்கவில்லை? இல்லை என்றால் நான் ஏன் சொல்ல வேண்டும்? எழும்பி வெளியே போய் ஒரு நடை நடந்தால் மனம் ஆறும். எனக்கு நடையும் இல்லை, வெளியும் இல்லை.

ஒரு பின்னேரம் எங்களை எல்லாம் மண்டபத்தில் தொலைக்காட்சிக்கு முன்னால் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். பந்தாட்டம் நடந்தது. பத்துப் பன்னிரண்டு சுவிஸ் கிழடுகள், பாதிப் பேர் நித்திரை. பந்து கோலியின் கைக்குத் தப்பி வலைக்குள் போனது. பழக்கம் விடுமா, "படலை திறந்து கிடக்குது" என்று வாய் சொல்லிவிட்டது. அந்த மண்டபத்தில் அது விளங்கக்கூடிய ஆள் ஒருவன்தான். அவன் எனக்குப் பின்னால் நின்று கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தான். கோப்பி ஊற்றுகிற சத்தம் நின்றது. பிறகு திரும்பத் தொடங்கியது. "அது கோலியின்ரை பிழை இல்லை அம்மா" என்றான். "முன்னாலை நிண்டவன்ரை காலிலை பட்டுத் திரும்பினது. அதோடை நனைஞ்ச புல்லு. பந்து வழுக்கும்." கோப்பியை என் கையில் தந்துவிட்டு அடுத்த ஆளிடம் போனான். தொலைக்காட்சியில் நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. புல் காய்ந்து கிடந்தது.

அந்த ஞாயிறு மகள் வந்தபோது, எனக்கு ஆம்பிளை வேண்டாம், பெண் பிள்ளையை அனுப்பச் சொல்லு என்றேன். "அவர் உங்களைக் கழுவிறேல்லையே அம்மா. அதுக்குப் பொம்பிளைதானே வாறா" என்றாள். எனக்கு வேண்டாமென்றால் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் போய் மாடிப் பொறுப்பாளரான மனிசியோடு கதைத்துவிட்டு வந்தாள். இரண்டு நாளால், அந்த முடிவை எனக்கு யார் சொல்வது? அவன்தான் சொல்ல வேண்டும். வேறு யாருக்குத் தமிழ் தெரியும். "அடுத்த மாசத்திலையிருந்து நான் மூண்டாம் மாடிக்குப் போறன் அம்மா. நீங்கள் கேட்டபடி. எனக்குப் பதிலா வாற பிள்ளை நல்ல பிள்ளை. தமிழ் தெரியாது, ஆனால் கையாலை காட்டினால் விளங்கிக்கொள்ளுவா" என்றான். குரலில் ஒரு குறையும் இல்லை. அன்றைக்கும் சம்பல் போத்தலைத் திறந்து வைத்துவிட்டுத்தான் போனான்.

அவன் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் இரண்டாம் தரமும் அவனுடைய கையில் பூட்டை வைத்திருக்கிறேன். முதல் தரமாவது முகத்துக்கு நேரே வைத்தேன். மகளுக்குப் போன் எடுத்து, சொன்னதைத் திருப்பி எடுக்கச் சொன்னேன். "அம்மா, நீங்கள்தானே ஒற்றைக் காலிலை நிண்டனியள். இப்ப நான் போய் அந்த மனிசிட்டை என்னெண்டு சொல்லுறது? எனக்கு வெக்கமா இருக்கு. நீங்களே சொல்லுங்கோ" என்றாள். நானே சொல்வதென்றால் எப்படி? அந்த மனிசியிடம் நான் ஒன்று சொல்ல வேண்டுமென்றால் அது இவனுடைய வாயால்தான் போக வேண்டும். நான் செய்ததை, யாருக்குச் செய்தேனோ அந்த ஆளே எனக்காகச் சொல்ல வேண்டும். மாசம் முடிய ஐந்து நாள் இருந்தது. ஐந்து நாளும் அவன் வந்தான். ஐந்து நாளும் நான் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறை கதவு சாத்தும்போதும், இன்னும் ஒன்று போய்விட்டது என்று எண்ணினேன். என்னுடைய வாய் எத்தனை பெரிய வாய். அது அந்த ஐந்து நாளும் திறக்கவில்லை.

கடைசி நாள் காலையில் மாடிப் பொறுப்பாளர் கையில் மட்டையோடு வந்தார். பக்கத்தில் அவன், கையில் நீலக் கிளவுஸ். அந்த மனிசி என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். அவன், கட்டில் கம்பியைப் பார்த்தபடி, "நாளையிலையிருந்து மாற்றம். உங்களுக்கு அது திருப்தியோ எண்டு கேக்கிறா" என்றான். ஓம் என்று தலையாட்டினால் முடிந்துவிடும், அதற்கு ஒரு பாஷையும் தேவையில்லை. என் தலை ஆடத் தொடங்கியது. நான் அதை நிறுத்தினேன்.

"இல்லையெண்டு சொல்லு" என்றேன். "நான் சொன்னது பொய்யெண்டு சொல்லு. ஆம்பிளை எண்டதாலை இல்லை. இந்தப் பிள்ளை தோத்துப்போய், கிளவுஸைக் கழட்டிக் கை நீட்டினவன். வெண்ட பக்கம் கையைப் பிடிக்கவேணும், அதுதான் எங்கடை முறை. நான் பிடிக்கேல்லை. சனம் சிரிக்கவேணும் எண்டதுக்காகப் பூட்டை வச்சனான். அதாலை இவன் விளையாட்டை விட்டவன். இப்ப இவன்ரை முகத்திலை முழிக்கப் பயத்திலை இவனை அனுப்பச் சொன்னனான். அதையும் சொல்லு. ஒண்டும் விடாமல் சொல்லு."

சொல்லி முடித்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. அவனுடைய இரண்டு கையும் உடம்பில் ஒட்டாமல் அப்படியே இருந்தன. மாடிப் பொறுப்பாளர் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். அவன் அந்த மனிசியின் பக்கம் திரும்பி ஒரே ஒரு வசனம் சொன்னான். சின்ன வசனம். அவர் சிரித்து, அவனிடம் ஏதோ சொல்லி, மட்டையில் எழுதி, எனக்குத் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

"என்ன சொன்னனீ தம்பி?"

"மனம் மாறிட்டியள், நான் இருக்கவேணுமாம் எண்டு சொன்னன். அடுத்த மாச வேலைப் பிளான் அடிச்சு முடிஞ்சுதாம். அந்த மாசம் நான் மேலைதான். பிறகு வாறன்."

"மற்றது?"

"மற்றது கிறவுண்ட் விசயம் அன்ரி. அது அவவுக்கு விளங்காது."

அன்ரி என்றான். இந்த இல்லத்துக்கு வந்து அவ்வளவு நாளும் அம்மா என்றவன். செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டால் பிறகு செய்ய மாட்டேன் என்று என்னை எனக்குத் தெரியும். லாச்சியைத் திறந்து வளையத்தை எடுத்து நீட்டினேன். "உன்னட்டை இருக்கிற பூட்டின்ரை திறப்பு" என்றேன். அவன் குனிந்து பார்த்தான். வளையத்திலிருந்து கழற்றப் பார்த்தேன், என் நகத்துக்கு அது நெகிழவில்லை. அவன் கிளவுஸைக் கழற்றிவிட்டு, அதை வாங்கித் தன் நகத்தால் வளையத்தை விரித்து எடுத்தான். "பூட்டு வீட்டிலை ஆணியிலை தொங்குது. ஒருநாளும் பூட்டினதில்லை. பூட்டினால் திறக்கேலாது எண்டு தெரியும்" என்றான். "நல்ல பூட்டு. இனி மகள் நீச்சலுக்குக் கொண்டுபோகலாம், அங்கை உடுப்புப் பெட்டிக்குப் பூட்டு வேணுமாம்." அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான், ஏதோ கடைச் சாமான் கதைக்கிற மாதிரி. திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டு, வெறும் வளையத்தை லாச்சிக்குள் வைத்தான்.

பிறகு நான் கம்பிக்கு மேலால் கையை நீட்டினேன். வெறுங்கை. தோற்ற பக்கம்தான் முதலில் நீட்ட வேண்டும், அது என் மனுஷன் கொண்டுவந்த வழக்கம். அவன் அந்தக் கையைப் பார்த்தான். பகிடிக்கு நீட்டுகிறேனா என்று பார்த்தானோ என்னவோ, கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு கிளவுஸ் இல்லாத கையால் என் கையைப் பிடித்தான். பெரிய கை, சூடாக இருந்தது.

"நல்லா விளையாடினியள், அன்ரி" என்றான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. தோற்றவர் பதில் சொல்லத் தேவையில்லை.

இந்த மாசம் அவன் மேலே, மூன்றாம் மாடியில். இங்கே வருகிற பிள்ளை நல்ல பிள்ளைதான். நான் கையால் காட்டுகிறேன், அவள் சிரிக்கிறாள், பாதி விளங்குகிறது. இடுப்பு வலித்தால் இடுப்பைத் தொட்டுக் காட்டலாம். இரவில் மனம் கனத்தால் எதைத் தொட்டுக் காட்டுவது என்று தெரியவில்லை. கம்பி அப்படியே இருக்கிறது, யன்னல் ஒரு சாண்தான் சரிகிறது, லிஃப்டின் இலக்கம் இன்னும் எனக்குத் தெரியாது. கதைக்க ஆள் இல்லாதபடியால்தான் பேத்தியின் பழைய கொப்பி ஒன்றில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், ஒரு நாளைக்கு அரைப் பக்கம். இடைவேளையில் அவன் ஒருதரம் இறங்கி வந்து எட்டிப் பார்த்தான். அவனுடைய மகளுக்குக் கொடுத்த பூட்டு நன்றாகப் பூட்டித் திறக்கிறதாம், ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டியிருந்ததாம். சம்பல் முடிந்ததோ என்று கேட்டான். முடிந்தது என்றேன்.

போன ஞாயிறு மகள் வந்து லாச்சியை ஒதுக்கினாள். வெறும் வளையத்தைத் தூக்கிப் பிடித்து, "அந்தத் திறப்பு எங்கையம்மா?" என்று கேட்டாள். கொடுத்துவிட்டேன் என்றேன். "ஆரிட்டை?" என்றாள்.

"பூட்டு வச்சிருந்த ஆளிட்டை."

அவள் லாச்சியைச் சாத்தினாள். பிறகு, "அப்ப இந்த வளையத்தையாவது எறியலாமோ?" என்றாள். எறி என்றேன்.